கை சுத்தம்

வேகத்தில் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஸ்லிப்பர் கிளட்ச். பந்தய வீரனான அவனுக்கு அது என்றால் இளக்காரம்.

"கை சுத்தமா இருக்கிறவனுக்கு அது எதுக்கு?" என்பான். அவன் பைக்குக்கு மெக்கானிக்கே அவன் மனைவிதான். "உங்க கை மாதிரி வருமா!" என்பாள்.

பெரிய அணி ஒன்று அவனைச் சோதித்துப் பார்க்க அழைத்தது.

"ஸ்லிப்பர் கிளட்ச் வண்டி வேணுமா, சாதா வண்டியா?" என்றார் மேலாளர்.

"சாதாவே போதும் சார்."

முதல் வளைவில் வழக்கம்போல் மூன்று கியர்களை மளமளவென்று குறைத்தான். பின்சக்கரம் துள்ளிப் பூட்டிக்கொள்ள, தூக்கியெறியப்பட்டான். அணியில் இடமும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு மனைவி பதறி ஓடி வந்தாள்.

"மட்டமான வண்டியக் கொடுத்துக் கழுத்தறுத்துட்டாங்க!" என்று குமுறினான் அவன். "கல்யாணமான வருஷம் ஒரு தடவ விழுந்தேன். அதுக்கப்புறம் நம்ம வண்டி ஒரு தடவையாவது துள்ளியிருக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு ரிப்பேர் பண்ணும்போதே, உங்களுக்குத் தெரியாம ஸ்லிப்பர் கிளட்ச் மாட்டிட்டேங்க."

அவன் தன் கையைப் பார்த்தான்.

"அப்போ இத்தன வருஷமா என் கைய மெச்சினது?"

"நீங்க முழுசா வீட்டுக்கு வந்தீங்களே, அதத்தான் மெச்சினேன்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.