பதினெட்டு டிகிரி

"பதினெட்டுதான். ஒரு டிகிரி ஏத்தினாலும் எனக்குத் தூக்கம் வராது. சொல்லிட்டேன்."

மதிவாணன் இன்னும் தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றவில்லை. பாசிர் கூடாங்கில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான். படுக்கையறை மீன்தொட்டியில் செத்து மிதந்த டிஸ்கஸ் மீனை ஷாமளா வலையால் எடுத்தாள். காசளவு குஞ்சாக வாங்கித் தட்டளவுக்கு வளர்த்தது.

"நேத்து சாயங்காலம் தண்ணியில கை வச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. உங்க ஏர்கோன்தான் கொல்லுது."

"அலமாக்! மீன் செத்தா அதுக்கும் நான்தானா? இருபத்தாறு போதும்னு மூர்த்தி சொல்றான். எங்க செக்‌ஷன்ல மீன் வளர்க்கத் தெரிஞ்சவன் அவன்தான்."

"சிங்கப்பூர்ல என் தம்பி இருபத்தெட்டுங்கிறான். ஃபேஸ்புக் குரூப்ல முப்பதுக்குக் கீழ இறக்காதங்கிறாங்க. யார் சொல்றதைக் கேக்கிறது?"

"யாரையும் கேக்காத. தொட்டியத் தூக்கி ஹால்ல வை."

"ஹால்ல மேற்கு வெயில் அடிக்குது. வெந்து போயிடும்."

"வெந்தா கறிக்கு ஆச்சு. இங்க பாரு, இன்னும் ஒண்ணு செத்தா தொட்டி மூர்த்தி வீட்டுக்குப் போயிடும். நைட் ஷிப்ட் செஞ்சு பாரு லா, பகல்ல தூங்குற கஷ்டம் அப்பத் தெரியும்."

மீன்களுக்காக ஷாமளா இரவில் ஏர்கோனைத் தொடுவதே இல்லை. வெறும் காற்றாடியின் கீழ் வேர்த்துக்கொண்டு படுப்பாள். அது அவனுக்குத் தெரியும். செத்த மீனைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கிளினிக் கவுண்டரில் மனம் நிலைகொள்ளவில்லை. நோயாளிகளின் காய்ச்சலைக் குறிக்கும்போதும் தொட்டிதான் கண்முன் நின்றது. இருபத்தாறா, இருபத்தெட்டா, முப்பதா? இன்று திங்கட்கிழமை. போன மீனும் திங்கட்கிழமை காலையில்தான் செத்தது. அதற்கு முந்தியதும் அப்படித்தான். அது என்ன திங்கட்கிழமை?

வேலை முடிந்ததும் ருக்னுதீன் பாயின் மீன் கடைக்குப் போனாள்.

"ஆளுக்கொரு நம்பர் சொல்வாங்க தங்கச்சி. இருபத்தெட்டோ முப்பதோ, மீன் பழகிக்கும். ஒரே நாள்ல அஞ்சு டிகிரி இறங்கி ஏறினா அதால தாங்க முடியாது."

"அவர் பகல் பூரா ஏர்கோன் போட்டுத் தூங்குறாரு, பாய்."

"ரூம் சீக்கிரம் குளிர்ந்துடும். தண்ணி அப்படி இல்ல, மெதுவாத்தான் இறங்கும். பல மணி நேரம் ஓடினாத்தான் ஆபத்து. இந்தத் தெர்மாமீட்டரைத் தண்ணியில போடுங்க. அன்னிக்கு எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு ஏறுச்சுன்னு ஞாபகம் வச்சுக் காட்டும். காலையில பட்டனை அமுக்கிட்டுப் போனா, புதுசா ஆரம்பிக்கும்."

வீட்டுக்கு வந்து அதைத் தொட்டிக்குள், மரத்துண்டுக்குப் பின்னால் செருகினாள்.

அந்த வாரம் முழுக்க அதே கதைதான். அவள் மாலையில் வரும்போது அறை சில்லென்று இருக்கும். அவன் குளித்து, தலை சீவி, பஸ்ஸுக்குத் தயாராக நிற்பான். கட்டிலில் விரிப்பு, அவள் காலையில் விரித்தது போலவே சுருக்கமில்லாமல் கிடக்கும். ஆம்பளை இவ்வளவு சுத்தமாகக் படுக்கையைச் சரிசெய்வது பெரிய விஷயம் என்று கிளினிக்கில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. வேலை முடிந்து காலையில் வந்த மதிவாணன், ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு மாலை வரை குறட்டை விட்டான். எழுந்தவன் கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டினான்.

"என்ன, உன் பிள்ளைங்க உசுரோட இருக்கா?"

"தொட்டியில தெர்மாமீட்டர் போட்டிருக்கேன். இன்னிக்குத் தண்ணி இருபத்துநாலு வரைக்கும் இறங்கிடுச்சு."

"இன்னிக்கு மட்டுமா? தினமும் இதே பதினெட்டுலதானே தூங்குறேன்? மத்த நாள் எவ்வளவு காட்டுச்சு?"

"செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் இருபத்தொன்பதுக்குக் கீழ இறங்கவே இல்ல."

மதிவாணன் கைதட்டிச் சிரித்தான். "பாத்தியா! அஞ்சு நாள் என் ஏர்கோன் உன் மீனை ஒண்ணும் பண்ணல. வாய் கிழியப் பேசினியே, இப்ப என்ன சொல்ற?"

ஷாமளா ரிமோட்டை எடுத்து ஏர்கோனை அணைத்தாள்.

"நான் வீட்டுல இருக்கிற ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தண்ணி குளிருது. மத்த நாளெல்லாம் பகல்ல எங்கங்க தூங்குறீங்க?"