பத்து எண்ணும் வரைக்கும்

டிவியில் அந்தப் படம் ஓட ஆரம்பித்தபோது பிரேமலதாவுக்கு எழுந்து போக வழியில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஹாலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் போகக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வரணும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் ரேகா ரத்தம் கொடுக்கக் கீழே போயிருந்தாள்.

உள்ளே இருப்பது பிரேமலதாவின் புருஷன் முனிகிருஷ்ணன். பாலசமுத்திரத்தில் மாங்காய் பறிக்க ஏறினவர், கிளை முறிந்து விழுந்து தலையில் அடி. திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து, மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்ததும் மூச்சு தானாக வந்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். காலை எட்டு மணிக்குச் சொன்னது. இப்போது மணி இரண்டு.

இந்த நேரம் பார்த்தா இந்தப் பாழாய்ப்போன படத்தைப் போடவேண்டும்?

ஊர் உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற தெலுங்குப் படம். பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் வரும். பாலசமுத்திரத்தில் அதைப் பார்க்காதவள் இவள் ஒருத்திதான். படம் வந்தால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடுவாள். யாராவது பேச்செடுத்தால்கூட எழுந்துவிடுவாள்.

கல்யாணமான நாலாம் மாசம் ஷூட்டிங்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். சண்டையில் செத்தவர்களாக வரிசையில் படுக்க ஆள் கேட்டார்கள். முனிகிருஷ்ணன் முதல் ஆளாகப் போய்ப் படுத்தார்.

வெள்ளைத் துணி, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் மாலை.

மஞ்சள் கயிற்றின் ஈரம் காயவில்லை. அதற்குள் கட்டினவனைப் பிணமாகப் பார்க்க எவளுக்கு மனசு வரும்? செத்தாலும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது.

அவருக்கோ அதைவிடப் பெரிய பெருமை கிடையாது. "டைரக்டரு பத்து எண்ற வரிக்கும் மூச்ச அடக்கினு கெடன்னாரு. கல்லு மாரி கெடந்தேன்" என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வயிற்றெரிச்சல் பிடித்ததுகள் என்று இவள் திட்டுவாள்.

செக்யூரிட்டியிடம் போய்ச் சேனலை மாற்றச் சொன்னாள்.

"ரிமோட் லேதம்மா" என்று கையை விரித்தான். ரிமோட் அவன் சட்டைப் பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். தியேட்டர் கதவைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

இடைவேளைக்கு மேல் படம் இழுவை என்று எதிரே இருந்த பெண் சொல்லப்போக, குப்பம் ஊரிலிருந்து வந்த ஒருவர் அவளோடு மல்லுக்கு நின்றார். அவருடைய தம்பிக்கும் உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கவலையை மறக்க அவருக்கு இந்தப் படம் கிடைத்திருந்தது.

"இருங்க, இப்ப பொணம் வரும், பாத்துகினே இருங்க" என்றார் அவர்.

ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. சிலர் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிணத்தைப் பார்த்து என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? உள்ளே அவர் எப்படிக் கிடக்கிறாரோ. இன்றைக்கு, இந்த இடத்தில் அதைப் பார்த்தால் அப்படியே பலித்துவிடுமே. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

தியேட்டர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சட்டென்று கண்ணைத் திறந்தாள். காலி ஸ்ட்ரெச்சர்தான் வந்தது. அது போன வழியில் கண் நிமிர்ந்து டிவியில் விழுந்துவிட்டது.

வரிசையில் மூன்றாவது ஆள். ஒல்லி உடம்பு, அரும்பு மீசை. கதாநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். வெள்ளைத் துணிக்குள் அந்தப் பிணத்தின் வயிறு உப்பியது. இறங்கியது. மறுபடி உப்பியது. மாலைகூட ஆடியது.

ஹால் வெடித்துச் சிரித்தது.

"செத்தவன் மூச்சு உடறான் பாரு. இதுக்காவே இந்தப் படத்த எத்தினி வாட்டி பாத்துகிறேன் தெரிமா" என்று குப்பத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்தாவது, கித்தாவது. மூன்று எண்ணுவதற்குள் மூச்சு விட்டிருக்கிறார் மனுஷன். இருபத்தாறு வருஷம் அளந்த அளப்பைப் பார். டீக்கடைப் பையன்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அது எங்க வூட்டுக்காரருங்க" என்றாள். தியேட்டர் கதவைக் காட்டினாள். "உள்ளதான் கீறாரு."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து ரிமோட்டை எடுத்தான்.

"வேணாம், ஓடட்டும்" என்றாள் பிரேமலதா.

படம் முடிகிற நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள். "முனிகிருஷ்ணன் தாலூகு எவரம்மா?" என்று அவருடைய ஆளைத் தேடினாள்.

குழாயை இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. மூக்கின் ஓரத்தில் பஞ்சு. மூடின கண். மாலை ஒன்றுதான் இல்லை.

பிரேமலதா முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று எண்ண அவர் விடவில்லை.