பதினேழாம் கேள்வி

இருபத்து மூன்று விடைத்தாள்கள். பதினேழாம் கேள்விக்கு இருபத்து மூன்றிலும் ஒரே விடை. அதுவும் தப்பு விடை.

"இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?" தேர்வு அதிகாரி விடைத்தாள் கட்டைத் தலைமை ஆசிரியையின் மேசையில் வைத்தார். "சரியா எழுதுறவன் தனித்தனியா எழுதலாம். எல்லாரும் ஒரே மாதிரி தப்பா எழுதுனா அது காப்பிதான்."

தலைமை ஆசிரியை கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கல்லூரிக்குத் தேறுவார்களா என்று பார்க்கும் தேர்வு அது. போன வருடம் வரைக்கும் சனிக்கிழமையில், பெரிய ஊரில் நடந்தது. இந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்றால் அப்பா அம்மாவோடு கட்டட வேலை. இரண்டே பேர்தான் போனார்கள். பள்ளி நேரத்தில், பள்ளிக்கூடத்திலேயே நடத்த அனுமதி வாங்க அவர் நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்திருந்தது.

"காப்பின்னு எழுதினா என்ன சார் ஆகும்?"

"இந்த இருபத்து மூணும் குப்பைக்கு. தேர்வு பழையபடி சனிக்கிழமைக்குப் போயிடும்." அதிகாரி சுவரோரம் நின்ற கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். "ஹால்ல மேற்பார்வை நீங்கதானே? தப்பு விடையை ஊருக்கே படியளந்துட்டீங்க போல."

வாத்தியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேள்வி சின்னதுதான். ஆறு கொத்தனார்கள் ஒரு சுவரைப் பத்து நாளில் கட்டினால், பன்னிரண்டு கொத்தனார்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்? ஐந்து என்று வரவேண்டும். இருபத்து மூன்று பேரும் பத்து என்று குறித்திருந்தார்கள்.

ஒவ்வொருவராக உள்ளே வரச்சொன்னார் அதிகாரி. முதலில் ஒரு பெண். உள்ளங்கை காய்த்திருந்தது.

"உனக்கு யாரும்மா பத்துன்னு சொன்னது?"

"பத்துன்னு யாரும் சொல்லல சார்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"ஒரு நாளைக்கு மூணடிக்கு மேல ஏத்தக் கூடாது சார். கலவை இறுகணும்ல. அவசரப்பட்டு ஏத்துனா மறுநாள் காலைல சுவரு தரையில கெடக்கும். பன்னெண்டு பேரு வந்தா சிமெண்டு சீக்கிரம் காயுமா?"

அதிகாரி பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

"கொத்தனாரு பன்னெண்டு பேருன்னு போட்டிருக்கு. சித்தாள் எத்தனை பேருன்னு போடலையே சார்," என்றான் அவன். "கல்லு எடுத்துக் குடுக்க, கலவை போட ஆளு வேணாமா? சித்தாள ஏத்தாம கொத்தனார மட்டும் ஏத்துனா, ஆறு பேரு கட்டுவாங்க, ஆறு பேரு கரண்டியக் கழுவிட்டு நிப்பாங்க."

"கேள்வி போட்டவருக்கு அது தெரியாதாப்பா?"

"வேலை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

மூன்றாவதாக வந்தவன் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தான். மேஸ்திரி மகன்.

"நீயும் கலவைதானா?"

"இல்ல சார். பத்து நாள் வேலைய அஞ்சு நாள்ல முடிச்சா, அடுத்த அஞ்சு நாளு வீட்ல அடுப்பு எரிய வேணாமா? எத்தனை பேரு வந்தாலும் எங்கப்பா பத்து நாளுக்கு இழுத்துடுவாரு."

அதிகாரி அவனை உற்றுப் பார்த்தார். அவருடைய மீசை லேசாகத் துடித்தது.

"உங்கப்பாதான் எனக்கும் மாடி கட்டினாரோ என்னவோ. ஆளக் கூட்டுங்கன்னு நானும் கத்திப் பாத்தேன். கூட்டினாங்க. நாள் குறையல." தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போடா, போய் உக்காரு."

இன்னும் எட்டுப் பேரைக் கேட்டார். ஒருத்தி மழை என்றாள். ஒருத்தன், ஒரே சாரத்தில் பன்னிரண்டு பேர் ஏறினால் சாரம் உடையும் என்றான். சொன்ன காரணங்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. விடை மட்டும் பத்து.

"காப்பி அடிச்சவன் இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்ல மாட்டான்," என்றார் அதிகாரி. காகிதத்தை இழுத்து எழுதினார். 'விடைகள் மாணவர்களின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தவை. எவரும் விடை சொல்லித்தந்ததற்கு அறிகுறி இல்லை. வரும் ஆண்டிலும் இதே பள்ளியில், பள்ளி நேரத்திலேயே தேர்வு நடத்தலாம்.'

தலைமை ஆசிரியை அப்போதுதான் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேனா முனை காகிதத்தைத் தொடும் நேரத்தில் அதிகாரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வாத்தியாரே, உங்க மேல பழி இல்லன்னு எழுதிட்டேன். ஆனா ஒண்ணு. இருபத்து மூணு பேர்ல ஒருத்தர் மண்டையிலயாவது இந்தச் சின்னக் கணக்க ஏத்த உங்களுக்குத் துப்பில்லாமப் போச்சே."

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தலைமை ஆசிரியை கண்ணைக் காட்டினார். வாத்தியார் அதைப் பார்க்கவே இல்லை. காப்பிக்குத் துணைபோனார் என்று பழி சொன்னபோது வாயைத் திறக்காத மனுஷன், இதற்கு முகம் சிவந்து ஓரடி முன்னால் வந்தார்.

"ஒவ்வொரு பெஞ்சா குனிஞ்சு, அஞ்சு, அஞ்சுன்னு காதுலயே சொன்னேன் சார், ஒருத்தரும் கேக்கல."