கிரகணப் பக்கம்

வீட்டில் எல்லோருக்கும், கடைக்குட்டி பேசுகிறேன். வயது இருபத்து மூன்றாகியும் அதே பெயர்தான். பழைய புத்தகங்களைப் படமெடுக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் மூடிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்திருப்பதால் வாயால் சொல்லி ஃபோனையே எழுத வைக்கிறேன். முன்னால் பல நூற்றாண்டுப் பழைய வானசாஸ்திரப் புத்தகம். சிவப்பு வட்டம் சூரியன். கறுப்பு வட்டமான நிலா அதன்மேல் பாதி ஏறியிருக்கிறது. சுற்றிலும் எறும்பு ஊர்வதுபோல் கணக்கு. "இன்னிக்கு டிவியில சொல்ற கிரகண நேரத்துக்கு இதுதான்டா கொள்ளுத்தாத்தா," என்கிறார் கேமராக்காரர், கிரகணம் பார்க்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "பேரனைப் பாக்க நீங்க, தாத்தாவுக்குக் காவல் நானா?" என்கிறேன். "விரிச்ச புத்தகத்தைத் தனியா விடக்கூடாது. புதுசா வந்தவன்தான் உக்காரணும்." சிரித்துவிட்டுப் போகிறார். மாடிப்படியில் செருப்புச் சத்தங்கள் ஏறி அடங்குகின்றன. ஜன்னல் வெளிச்சம் வெயிலாகவும் இல்லாமல் மாலையாகவும் இல்லாமல் சாம்பலாகிறது. மொட்டைமாடியில் கைதட்டுகிறார்கள். வட்டம் வரைந்தவர் மண்ணாகிப் போனபின்னும் நிழல் கணக்குப்படி வந்துவிட்டது. இதே நிழல் அடுத்து நம் ஊர்ப்பக்கம் வரும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டை இன்று காலைதான் பிரித்திருப்பார்கள். "கட்டைப் பிரிச்சதும் மொதல்ல வானத்தைத்தான் பாப்பேன்," என்று நேற்று ஃபோனில் சொன்னார். அவர் பிடிவாதம் தெரிந்ததுதானே. காலையிலிருந்து கூப்பிடுகிறேன், யாரும் எடுக்கவில்லை. இதை முதலில் பார்ப்பவர் யாரானாலும், ஜன்னலைச் சாத்தி அப்பாவை உள்ளே உட்கார வையுங்கள். திட்டினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.