மூடாத கை

உப்பளக் கொட்டகையில் ரத்தம் எடுக்கிறார்கள். சிக்குன்குனியா என்று பள்ளிக்கூடத்தை நேற்றே மூடியாகிவிட்டது. காய்ச்சல்காரர்களுக்கு இனி அளத்திலும் வேலையில்லை. பாத்தி வெயிலில் கண் கூசுகிறது. வரிசை நெளிகிறது. "ஊசி குத்துனாத்தான் காய்ச்சலே வருதாம்பா" என்று ஒருத்தன் கிளப்பிவிட, இரண்டு பேர் நழுவுகிறார்கள். அஞ்சலாட்சி நழுவவில்லை. மூன்று நாள் காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டு, வலிக்கிற முட்டியோடு நிமிர்ந்து நடந்தே வந்திருக்கிறாள். நர்ஸ் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"சூடு இல்லியேக்கா."

"அதாம்மா நானும் சொல்றேன்" என்று சிரித்தபடி கையை நீட்டுகிறாள்.

"கைய இறுக்கி மூடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மூடப் பார்க்கிறாள். ஐந்து விரலும் விரித்தது விரித்தபடி நிற்கின்றன.

"உப்பு வார்ற கைம்மா, இப்பிடித்தான் இருக்கும்."

அவளைப் போலவே உப்பு வாருகிற அத்தனை பேரும் தங்கள் கையை மூடிப் பார்க்கிறார்கள்; மூடுகிறது. ஓரடி பின்னால் நகர்கிறார்கள்.