மிச்சமிருந்த வார்த்தை

"சனியனே."

உள்ளறைக் கட்டிலிலிருந்து மறுபடியும் அதே குரல்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண், மருந்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"நான் கிளம்பறேன்க்கா. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

வீட்டுக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய கோட்டுக்கோ டார்னிங் போட்டுக்கொண்டிருந்தாள். பூச்சி அரித்த ஓட்டை. அந்தக் கோட்டின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, முதலில் நெடுக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று கோத்துக்கொண்டே வரவேண்டும். கண்ணைப் பிடுங்குகிற வேலை.

"என்னம்மா ஆச்சு?" என்றாள், நிமிராமல். நிமிரக்கூடத் தெம்பில்லை.

"இன்னும் என்ன ஆகணும்? தண்ணி குடுத்தா சனியனே. தலகாணியைச் சரி பண்ணினா சனியனே. வேர்வையைத் துடைச்சு விட்டா அதுக்கும் சனியனே. சம்பளத்துக்கு வந்தவதான்க்கா நான், திட்டு வாங்க வரல."

"உன்னைத் திட்டலம்மா. பக்கவாதம் வந்ததுலேர்ந்து எங்க வீட்டுக்காரருக்கு வேற வார்த்தையே வரமாட்டேங்குது. பசிச்சாலும் அதான், தூக்கம் வந்தாலும் அதான். சில பேருக்கு எல்லாம் போயி ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்னு டாக்டர் சொன்னாரு."

"தங்கறது ஒரு நல்ல வார்த்தையாத் தங்கக் கூடாதா?"

வீட்டுக்காரி உள்மடிப்பிலிருந்து அடுத்த இழையை உருவினாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டாள் என்றும் சொல்லலாம்.

இதற்கு முன் வந்த இரண்டு பேரும் இதே காரணத்தைச் சொல்லித்தான் போனார்கள். அவள் டார்னிங் வேலை பார்க்கும் லாண்டரியின் முதலாளி நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களின் கடையிலும் துணி குவியத்தானே செய்யும்? வேலையை வீட்டுக்கு அனுப்பி அனுப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கடைக்கு வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் மருந்துக்கு வழியில்லை. இந்தப் பெண் போனால் வேலைக்குப் போக வழியில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தைத்தால் ஊசி சும்மா இருக்குமா? விரலில் நறுக்கென்று ஏறியது.

"சர்க்கரையே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ரத்தம் கோட்டில் படாமல் விரலை விலக்கினாள்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கோணிப்போன வாயிலிருந்து வருகிற சிரிப்பு. பின்னாலேயே, கொஞ்சம் மெதுவாக, "சனியனே."

"பார்த்தீங்களா?" என்றாள் வந்தவள். "ஊசி குத்தினாக்கூடச் சர்க்கரையேன்னு சொல்ற வாய் உங்களுக்கு. உங்களுக்கு வலிச்சா அவருக்குச் சிரிப்பு. அப்படி என்ன உத்தியோகம் பார்த்தாரு?"

"அச்சாபீஸ்ல. அகராதிக்குப் புரூஃப் பார்த்தாரு."

"அகராதியா? அத்தனை வார்த்தை புழங்கின மனுஷனுக்கு இதுதான் மிஞ்சிச்சா? எல்லாம் போனாலும் பழக்கம் போகாதுக்கா. உடம்பு நல்லா இருந்தப்போ உங்களை எப்படித் திட்டித் தீர்த்திருந்தா, இப்பவும் அதுவே வரும்?"

வீட்டுக்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்த மௌனம் வந்தவளை என்னவோ செய்துவிட்டது. தோளில் மாட்டிய பையை இறக்கி, மறுபடியும் ஆணியில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போகலக்கா. உங்க முகத்தைப் பார்த்தா போக மனசு வரல. காலமெல்லாம் வாயைத் திறக்காம பொறுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க. உங்களுக்காக இருக்கேன். நாளைக்கு நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க."

வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த முழுப் பெருமூச்சு.

"ஆனா ஒண்ணு" என்றாள் வந்தவள். "வேளாவேளைக்கு மருந்து குடுப்பேன், துணி மாத்துவேன். அதோட சரி. முகம் குடுத்து ஒரு பேச்சுப் பேச மாட்டேன். அந்த மாதிரி ஆளுக்கு அது போதும்."

தலையாட்டிவிட்டால் முடிந்தது. நாளைக்கு வேலை, மாதக் கடைசியில் சம்பளம், அவருக்கு மருந்து. தலை ஆட்டத்தான் போனாள்.

அதற்குள் உள்ளேயிருந்து, "சனியனே?" என்றது குரல். கடைசியில் ஒரு கேள்வி தொங்கியது. என்ன, பேச்சையே காணோம், அங்கேதான் இருக்கிறாயா என்று கேட்கிற குரல்.

அந்தக் குரலை முகம் கொடுக்காத ஒருத்தியிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது?

வீட்டுக்காரி கோட்டை மடித்து ஓரமாக வைத்தாள்.

"நான் சொல்றதைக் கேட்டுட்டு, அப்புறம் இருக்கறதா போறதான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றாள். "ஊசி குத்தினா, நூல் சிக்கினா, அவர் வீட்டுக்கு வர லேட்டானா, இந்த வீட்டுல நாள் பூரா கேட்டுட்டே இருந்த வார்த்தைதான் அது. ஆனா சொன்னது அவர் இல்ல, நான். என்னைக் கூப்பிட அவரோட வார்த்தை 'சர்க்கரையே'."