கொம்பனின் கொம்பு

துடைத்தது என்னவோ முகத்தைத்தான். துணி பட்டதும் படாததுமாக வீட்டின் மூத்த பிள்ளைக்கு நெற்றி உடைந்துவிட்டது. ரத்தம் மட்டும்தான் வரவில்லை. மருமகள் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

ரத்தம் எப்படி வரும்? மூத்த பிள்ளை பிளாஸ்டிக். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூனில் வரும் ரோபோ, ஒரு சாண் உயரம். நெற்றியில் தங்க நிறத்தில் ஒற்றைக் கொம்பு இருந்ததால் வீட்டில் அவனுக்குக் கொம்பன் என்று பெயர். மாமனார், பெட்டியில் வந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பொருத்தி, பெயின்ட் அடித்து வளர்த்த செல்லம். "எங்கப்பாவுக்கு அவன்தான் மூத்தவன், நான் ரெண்டாவது" என்று அவள் கணவனே கல்யாணமான புதிதில் எச்சரித்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரி பொம்மைகள் விற்கும் மாடல் கடையில், யார் அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று போட்டி. மாமனாருக்கு மாசக்கணக்காக அதே நினைப்பு. இந்த நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. எப்போதும் பூட்டியே இருக்கும் கண்ணாடி அலமாரி அன்றைக்குத் திறந்து கிடந்தது. தூசியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. மாமனாரோ நண்பர் வீட்டுக்குப் போகிறேன், வரச் சாயங்காலம் ஆகும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வந்ததும் காலில் விழுந்து ஒப்புக்கொண்டுவிடலாமா என்று யோசித்தாள். தைரியம் வரவில்லை. மனிதர் ஏற்கெனவே அவளிடம் அளந்துதான் பேசுவார். அவள் பியூட்டி பார்லரில் நகங்களுக்குப் பூவும் கொடியும் வரைகிறவள். போன வாரம் அவளுடைய பெட்டியைத் திறந்து பார்த்து, "நகத்துக்குப் போய் இவ்வளவு மெல்லிசு பிரஷ்ஷா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பொம்மைக்குச் சாயம் பூசுகிறவர் கேட்கிற கேள்வியா இது என்று அன்றைக்கெல்லாம் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்கடியில் குனிந்து கொம்பைத் தேடி எடுத்தாள். நல்லவேளை, நகவெட்டியால் நறுக்கியதுபோல் சுத்தமாக உடைந்திருந்தது. ஒட்டுவது சுலபம். ஆனால் கொம்பின் ஓரத்தில் ஓடிய சிவப்புக் கோடுதான் அலை அலையாக நெளிந்து கிடந்தது. பாழாய்ப்போன துணி இதையும் சேர்த்து இழுத்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நகப்பூச்சை அழிக்கும் ரிமூவரை அவள் தொடவில்லை, அது பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். நகம் தேய்க்கும் அரத்தால் பழைய பெயின்ட்டைப் பூப்போலத் தேய்த்து எடுத்தாள். அலமாரியின் முன்வரிசையிலேயே இருந்த தங்க நிறப் பெயின்ட் புட்டியை எடுத்துக் கொம்புக்கு இரண்டு பூச்சுப் பூசினாள். அது காய்ந்ததும் தன் பெட்டியிலிருந்த மயிரிழை பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் சிவப்புக் கோடு போட்டாள். பொய் நகம் ஒட்டும் பசையால் கொம்பை ஒட்டி, கொம்பனை இருந்த இடத்திலேயே நிறுத்தி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த மாமனார் டீயை வாங்கிக்கொண்டு நேரே அலமாரி முன்னால் உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கொம்பனையே வெகுநேரம் பார்த்தார். கோபத்தை அடக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசியில் டீக்குச் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் கோப்பையோடு வந்து இறங்கினார்கள். முதல் பரிசு! கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. நடுவர்கள் கொம்பை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்களாம், இப்படி ஒரு கோடு போட எந்தக் கையால் முடியும் என்று வாயைப் பிளந்தார்களாம். அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு இதற்குமேல் மறைத்தால் சோறு இறங்காது என்று தோன்றிவிட்டது.

"மாமா, அந்தக் கொம்பை நான் உடைச்சுட்டேன். தூசி தட்டும்போது தெரியாம பட்டுடுச்சு. நானே ஒட்டிப் பெயின்ட் அடிச்சு வச்சேன். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."



மாமனார் கோபப்படவில்லை. கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். ஊருக்கெல்லாம் பல் செட் செய்துகொடுத்து ஓய்வு பெற்ற கைகள். விரல்கள் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. பெற்ற பிள்ளையே இப்போதுதான் அதைப் பார்க்கிறான்.

"எத்தனை தடவை போட்டாலும் அந்தக் கோடு மட்டும் நெளிஞ்சுடுதும்மா. உன் கையால போட்டுக் குடுன்னு வாய்விட்டுக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அவள் புரியாமல் விழித்தாள். மாமனார் அசட்டுச் சிரிப்போடு தலையைக் குனிந்துகொண்டார்.

"கொம்பை வெட்டி வச்சதே நான்தான்."